புதிய டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் விளக்கு இணைத்தலும் ஆரம்பப் பராமரிப்பும்

சேலம் ஜில்லாவின் கிழக்குப் பகுதியில், வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் அரண்போல் நிற்க, நடுவே விரிந்து கிடக்கும் சமவெளியில் அமைந்தது கெங்கவல்லி தாலுகா. சுவேத நதியின் நீரும் கிணற்றுப் பாசனமும் கொண்ட இவ்வட்டாரத்தில் நெல், மக்காச்சோளம், பருத்தி, மஞ்சள், பாக்கு முதலியவை பயிராகின்றன. எனினும் குடியானவர் கையில் ரொக்கம் புரளச் செய்வது மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கே. இப்பயிருக்கென்று அண்டையிலுள்ள ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்திவருவதே அதன் முக்கியத்துவத்தைக் காட்டும்.

மரவள்ளிக்கு ஒரு குணம் உண்டு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குமேல் தாங்காது. உள்ளே கருநீலக் கோடுகள் ஓடித் தரம் குறைந்து, விலையும் இறங்கிவிடும். ஆகையால் பகலில் பிடுங்கிய கிழங்கை அன்றிரவே சேகோ ஆலைக்குக் கொண்டு சேர்த்துவிட முயல்வது இயல்பு. வயலிலிருந்து வண்டிப்பாதை, வண்டிப்பாதையிலிருந்து ஊர்ச்சாலை, ஊர்ச்சாலையிலிருந்து ஆத்தூர், தலைவாசல் வழியாகச் செல்லும் சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை என்று, பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் இருட்டில் போகவேண்டியிருக்கிறது.

இதில் உள்ள அபாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிராக்டர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பின்னே வரும் லாரி 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது ஒவ்வொரு விநாடியும் லாரி 15 மீட்டர் நெருங்குகிறது. விளக்கற்ற டிரெய்லர் 45 மீட்டர் தூரத்தில்தான் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிவதாகக் கொண்டால், அவருக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்றே விநாடி. பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருந்து 150 மீட்டரில் தெரியுமானால் பத்து விநாடி கிடைக்கும். உயிர் தப்புவதும் தப்பாததும் இந்த ஏழு விநாடி வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

ஆகவே புதிய டிராக்டர் வாங்கிய குடியானவர் பலர், டிரெய்லர் விளக்கு, இரவு உழவுக்கான பின்பக்க வேலை விளக்கு, செல்போன் சார்ஜர் முதலியவற்றை முதல் வாரத்திலேயே இணைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதே. ஆனால் இணைக்கும் முறை தவறினால் விளக்கு மங்கும், பாட்டரி செத்துப்போகும், கம்பி தீப்பற்றி வண்டியும் அதிலேற்றிய வைக்கோலும் ஒருங்கே எரிந்துபோகவும் கூடும். ஆதலால் அம்முறையும், புதிய இயந்திரத்துக்கு ஆரம்பத்தில் செய்யவேண்டிய பராமரிப்பும் இங்கே விளக்கப்படுகின்றன.

டிராக்டரின் தனித்தன்மை

1947-இல் மத்திய சர்க்கார் அமைத்த மத்திய டிராக்டர் நிறுவனம், யுத்தத்துக்குப்பின் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு வடநாட்டில் கரம்பு நிலங்களைத் திருத்தத் தொடங்கிற்று. 1959 ஏப்ரல் 24-ஆம் தேதி பரீதாபாத்திலுள்ள ஐஷர் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் செய்யப்பட்ட முதல் டிராக்டர் வெளிவந்தது. 1960-இல் சென்னையில் டாபே கம்பெனி தொடங்கப்பெற்றது. பழைய டிராக்டர்களில் மின்சார வேலை மிகச் சொற்பம். இப்போதைய டிராக்டர்களிலோ செல்ப் மோட்டார், ஆல்டர்னேட்டர், முகவிளக்கு, இண்டிகேட்டர், அளவுமானிகள் என்று பல உண்டு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துள்ளமையால், அவற்றில் டீசல் செலுத்துவதையே ஒரு மின்னணுப் பெட்டி ஆளுகிறது. ஆகவே கண்ட இடத்தில் கம்பியைச் சுரண்டி முறுக்கும் பழைய பழக்கம் இனிச் சிறிதும் ஏற்காது.

காருக்குரிய வேலைமுறை டிராக்டருக்குப் போதாது என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். காரில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே ஸ்பிரிங் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் பின்அச்சே வண்டியின் உடலாதலால் வரப்பின் குலுக்கல் முழுவதும் ஒவ்வொரு கம்பிக்கும் திருகுக்கும் சென்று சேர்கிறது. செம்மண் புழுதி, சேற்றுழவின் தண்ணீர், சைலென்சரின் சூடு, கொட்டகையிலுள்ள எலி ஆகிய நான்கும் கம்பிக்குப் பகை.

மின்சாரத்தின் இயல்பு

மின்சார ஓட்டத்தை வாய்க்கால் நீருக்கு ஒப்பிடலாம். மேல்தொட்டியில் நீர் நிற்கும் உயரம் போன்றது வோல்ட், வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர், வாய்க்காலே கம்பி. விளக்கு செய்யும் வேலையின் அளவு வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். டிராக்டர் பாட்டரி 12 வோல்ட் உடையது. ஆகவே 55 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு விளக்குகள் 9.2 ஆம்பியர் இழுக்கும். 18 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றரை ஆம்பியரோடு நிற்கும்.

வாய்க்கால் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் கடைமடைக்கு நீர் குறைவதுபோல, கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் விளக்குக்குச் சேரும் வோல்ட் குறையும். பாட்டரியிலிருந்து பின்பக்க விளக்குவரை 5 மீட்டர், திரும்பிவர 5 மீட்டர், ஆக 10 மீட்டர் செம்புக் கம்பி என்று கொள்வோம். அதில் 9.2 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறக்குறைய 1.1 வோல்ட் வீணாகும், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.64 வோல்ட், 4 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட். ஒரு வோல்ட் அற்பமென்று தோன்றலாம். ஆனால் ஹாலஜன் விளக்கில் வோல்ட் நூற்றுக்கு ஒன்பது குறைந்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். விலையுயர்ந்த விளக்கு வாங்கி மெல்லிய கம்பி போடுவது, பெரிய பம்பு வைத்துச் சிறிய குழாய் மாட்டுவதற்கு ஒப்பாகும்.

பியூஸ் காப்பது கம்பியை

பியூஸ் விளக்கைக் காக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. விளக்கு கெட்டால் விளக்கின் விலையோடு போயிற்று. ஆனால் கம்பியின் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் செம்பு இரும்பில் பட்டால், பாட்டரி தன்னிடமுள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே சமயத்தில் அக்கம்பியில் தள்ளிவிடும். மெல்லிய கம்பி சில விநாடிகளில் பழுக்கக் காய்ந்து, அதன் தோல் தீப்பற்றும். இதைத் தடுப்பதே பியூஸின் வேலை. வெள்ளக் காலத்தில் ஏரிக்கரை உடையாமல் காப்பது கலிங்கு. மின்வெள்ளத்தில் கம்பி எரியாமல் காப்பது பியூஸ்.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பியூஸைப் பாட்டரியின் கூட்டல் முனைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் வைக்கவேண்டும். விளக்கருகே பியூஸ் வைத்தால் பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள நீண்ட கம்பிக்குக் காவலே இல்லை. இரண்டாவது, பியூஸின் அளவு விளக்கு இழுப்பதைவிடச் சற்று மிகுந்தும், கம்பி தாங்குவதைவிடக் குறைந்தும் இருக்கவேண்டும். மேற்சொன்ன 9.2 ஆம்பியர் விளக்குகளுக்கு 15 ஆம்பியர் பியூஸும், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பொருந்தும். கம்பி 4 ஆயின் இன்னும் நன்று. மூன்றாவது, பியூஸ் போனால் அதன் இடத்தில் செம்பு இழையையோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ, இரட்டிப்பு அளவுள்ள பியூஸையோ ஒருபோதும் வைக்கலாகாது. பியூஸ் போனது ஓர் எச்சரிக்கை. காரணத்தைக் காணாமல் அதன் வாயை அடைப்பவர் தம் வண்டிக்குத் தாமே தீ வைத்துக்கொள்கிறார்.

சுமைக் கணக்கு

எந்தச் சாமானையும் வாங்குமுன் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்று வண்டியோடு கொடுத்த கையேட்டில் பார்க்கவேண்டும். உதாரணமாக, ஒரு வண்டியில் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருப்பதாகக் கொள்வோம். முகவிளக்கு இரண்டு 110 வாட், வேலை விளக்கு இரண்டு 110 வாட், டிராக்டரின் பின்விளக்குகள் 10 வாட், டிரெய்லரின் பின்விளக்குகள் 10 வாட், அளவுமானி விளக்குகள் 5 வாட். மொத்தம் 245 வாட், அதாவது சுமார் 20 ஆம்பியர். பிரேக் மிதிக்கும்போதும் இண்டிகேட்டர் போடும்போதும் இன்னும் சில ஆம்பியர் கூடும். என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது இதற்குக் குறைவில்லை. ஆனால் என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தராது; குறையைப் பாட்டரி ஈடுசெய்யும். ஆலை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்கையில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டால் காலையில் செல்ப் இழுக்காது போவதன் காரணம் இதுவே. ஹாலஜனுக்குப் பதிலாக நல்ல எல்.ஈ.டி. வேலை விளக்குப் பூட்டினால் சுமை வெகுவாகக் குறையும்.

இணைக்கும் முறை

வேலை தொடங்குமுன் பாட்டரியின் கழித்தல் முனையை முதலில் கழற்றவேண்டும். முடிந்தபின் அதையே கடைசியில் மாட்டவேண்டும். வண்டியின் உடல் முழுவதும் கழித்தல் முனையோடு சேர்ந்திருப்பதால், கூட்டல் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தற்செயலாக இரும்பில் பட்டால் பெரும் பொறி கிளம்பும்.

கம்பெனியார் அமைத்த கம்பிக் கற்றையை வெட்டாமலும் சுரண்டாமலும் விட்டுவிடவேண்டும். வாரண்டி கெடும் என்பது ஒரு காரணம். முகவிளக்குக்கென அளந்து வைத்த கம்பியில் வேறு சுமை ஏற்றினால் இரண்டும் கெடும் என்பது மற்றொரு காரணம். புதிய சாமானுக்குப் பாட்டரியிலிருந்து தனிக் கம்பி, தனிப் பியூஸ், தனி ரிலே வைப்பதே முறை.

ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மதகு. அதன் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் கனமான கம்பி. 87 என்ற காலிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பி. 86 என்ற காலுக்குச் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய கம்பி. 85 என்ற காலுக்கு எர்த். சுவிட்சுக்குச் செல்லும் கம்பியைச் சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து, அதற்கும் ஒரு சிறு பியூஸ் வைத்து எடுத்தால், சாவியை எடுத்தவுடன் விளக்கும் அணைந்துவிடும். மறதியால் பாட்டரி தீர்ந்துபோகாது.

கம்பியின் முனைகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றுவது டிராக்டருக்கு உதவாது. குலுக்கலில் முறுக்கு தளரும். தளர்ந்த இடம் சூடேறும். சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். முனைக்குச் செம்பு லக் வைத்து, அதற்குரிய குறட்டால் அழுத்தி, மேலே சுருங்கும் குழாய் போட்டு மூடவேண்டும். கம்பி முழுவதையும் நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, ஒரு சாண் தூரத்துக்கு ஒரு கட்டு வீதம் கட்டவேண்டும். தகட்டில் துளையிட்டுக் கம்பியைச் செலுத்தும் இடத்தில் ரப்பர் புஷ் இல்லையேல், தகட்டின் விளிம்பே அரிவாளாகிவிடும். சைலென்சர், பேன் பெல்ட், ஸ்டியரிங், கிளட்ச் பெடல், ஹைட்ராலிக் கைகள் ஆகியவற்றிலிருந்து கம்பி விலகியே செல்லவேண்டும். எர்த் கம்பி பூட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைத் துலக்கி, பூட்டியபின் கிரீஸ் தடவுதல் அவசியம்.

பின்பக்க வேலை விளக்கு வயலுக்கு மட்டுமே உரியது. வெள்ளை விளக்கைப் பின்னோக்கி எரியவிட்டுச் சாலையில் சென்றால் பின்னே வருபவரின் கண் கூசி, சிவப்பு விளக்கும் டிரெய்லரின் அளவும் தெரியாமற் போகும். ஆகையால் அதற்குத் தனிச் சுவிட்சு வைத்து, சாலையில் ஏறுமுன் அணைத்துவிடவேண்டும்.

டிரெய்லர் விளக்குகள்

தற்காலத்து டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஏழு துளையுள்ள டிரெய்லர் சாக்கெட் வைத்தே கொடுக்கிறார்கள். அது பல வண்டிகளில் ஆண்டுக்கணக்காகத் திறக்கப்படாமலே துருப்பிடித்துக் கிடப்பது வருந்தத்தக்கது. சர்வதேச முறைப்படி அதன் துளைகளுக்கு எண்களும் கம்பிகளுக்கு நிறங்களும் உண்டு. 1 இடப்பக்க இண்டிகேட்டர், மஞ்சள். 2 பனிவிளக்கு, நீலம். 3 எர்த், வெள்ளை. 4 வலப்பக்க இண்டிகேட்டர், பச்சை. 5 வலப்பக்கப் பின்விளக்கு, பழுப்பு. 6 பிரேக் விளக்கு, சிவப்பு. 7 இடப்பக்கப் பின்விளக்கு, கறுப்பு. எல்லாக் கம்பெனியாரும் நிறத்தை ஒன்றுபோல் கைக்கொள்வதில்லையாதலால், இணைக்குமுன் சோதனை விளக்கால் ஒவ்வொரு துளையையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

டிரெய்லர் வேலையில் பெரும்பாலோர் செய்யும் தவறு எர்த் கம்பியை விட்டுவிடுவது. இழுவைக் கொக்கியும் ஊசியும் இரும்புதானே, அவற்றின் வழியே மின்சாரம் திரும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். கொக்கியில் கிரீஸும் துருவும் மண்ணும் இருப்பதால், குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். 3-ஆம் துளையிலிருந்து தனி எர்த் கம்பி டிரெய்லரின் ஒவ்வொரு விளக்குக்கும் செல்லவேண்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் தொங்கும் கம்பி, முழு வளைவு திரும்பும்போது இழுபடாத அளவுக்கு நீளமாகவும், தரையில் உரசாத அளவுக்குக் கட்டப்பட்டும் இருத்தல் வேண்டும்.

டிரெய்லரில் இரண்டு இண்டிகேட்டர் பல்புகள் கூடுவதால் டிராக்டரின் பிளாஷர் அச்சுமையைத் தாங்குமா என்று பார்த்து, தாங்காவிடின் அதிக அளவுள்ள பிளாஷர் மாற்றவேண்டும்.

விளக்கு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் ஒருநாள் அணையக்கூடும். மின்சாரம் வேண்டாத காவல் பிரதிபலிப்பான் ஒன்றே. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளும் வண்டியின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கவேண்டுமென்று விதிக்கின்றன. இரண்டு பின்மூலைகளிலும் அவற்றைப் பூட்டி, பின்தட்டின் அகலம் முழுவதும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டினால் டிரெய்லரின் அகலம் தெரியும். ஏற்றிய கிழங்கு மூட்டையோ தார்ப்பாயோ அவற்றை மறைக்காமலும், சேறு மூடாமலும் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு பயணத்திலும் செய்யவேண்டிய கடமை.

பாட்டரி

என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் அளந்தால், நல்ல பாட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே சார்ஜ் செய்யவேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. மூடி திறக்கும் வகைப் பாட்டரியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்த்து, தகடுகளுக்குமேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.

முனைகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்தால், ஆப்பசோடா கரைத்த நீரால் உள்ளே சிந்தாமல் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாசலைன் தடவவேண்டும். பாட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவருவதால் அதனருகே பீடி, தீக்குச்சி ஆகாது. அமிலம் உடலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்; கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

அற்பச் சாமானும் பாட்டரியைக் குடிக்கும். ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே இழுக்கும் சார்ஜரோ பாட்டுப்பெட்டியோ ஓயாமல் இணைந்திருந்தால், ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். இது 75 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் ஏறக்குறையப் பாதி. வேலையில்லாத மாதங்களில் கழித்தல் முனையைக் கழற்றி வைப்பது நலம். டிராக்டரிலோ அதனோடு பூட்டிய டிரெய்லரிலோ வெல்டிங் செய்யுமுன் டிரெய்லர் பிளக்கையும் பாட்டரி முனைகளையும் கழற்றாவிட்டால் ஆல்டர்னேட்டரும் மின்னணுப் பெட்டியும் பழுதாகக்கூடும்.

முதல் ஐம்பது மணி

புதிய என்ஜினின் உறுப்புகள் ஒன்றோடொன்று இழைந்து படியும் காலம் இது. முதல் 50 மணி நேரம் ஆழ உழவும், மிதமிஞ்சிய பாரமும் கூடா. அதே சமயம் வேலையின்றி நெடுநேரம் மெதுவாக ஓடவிடுவதும் தீங்கே. நடுத்தரச் சுமையில் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். பல மாதிரிகளில் 50 மணி முடிந்ததும் முதல் ஆயில் மாற்றம் உண்டு. அவரவர் வண்டியின் கையேட்டில் கண்டபடி செய்க. பழைய ஆயிலில் தேய்மானத்தின் இரும்புத்துகள் மிகுந்திருக்குமாதலால் இதைத் தள்ளிப்போடுவது பெருநஷ்டம்.

நாள்தோறும் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கையில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆயில் மட்டமும் ரேடியேட்டர் நீரும் பார்க்கவேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சக்கர நட்டுகள், விளக்குத் தாங்கிகள், பாட்டரிப் பிடி ஆகியவை முதல் சில நாட்களில் தளர்வது இயற்கையாதலால் அவற்றை இறுக்கவேண்டும். பேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ்வது பல வண்டிகளில் சரியான அளவு. அது மிகத் தளர்ந்தால் ஆல்டர்னேட்டரும் சுற்றாது, என்ஜினும் சூடேறும்.

ஏர் கிளீனரைச் சிறிதாக மதிக்கலாகாது. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின் 2000 சுற்றில் ஓடும்போது நிமிஷத்துக்குச் சுமார் 2500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. ரொட்டவேட்டர் கிளப்பும் புழுதி அக்காற்றோடு உட்சென்றால் சிலிண்டரை அரம்போல் அராவிவிடும். கோடை உழவில் தினமும் அதைத் திறந்து பார்ப்பது அவசியம். சேற்றுழவு முடிந்ததும் முன்அச்சு நிப்பிள்களில் பழைய கிரீஸும் சேறும் வெளிவரும்வரை புதுக் கிரீஸ் ஏற்றவேண்டும். வண்டி கழுவும்போது ஆல்டர்னேட்டர், செல்ப், ரிலே, பியூஸ் பெட்டி ஆகியவற்றின்மேல் நீரைப் பீய்ச்சி அடிக்கலாகாது.

குறையும் காரணமும்

ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு கம்பித் துண்டுகளும் கொண்ட சோதனை விளக்கு டிராக்டரின் கருவிப்பெட்டியில் எப்போதும் இருக்கவேண்டும். பாட்டரியிலிருந்து தொடங்கி, பியூஸ், ரிலே, சாக்கெட், விளக்கு என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்தால் மின்சாரம் நின்ற இடம் தெரிந்துவிடும்.

பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு மங்கினாலும், இண்டிகேட்டரோடு சேர்ந்து பின்விளக்கும் மின்னினாலும் எர்த் குறை என்று அறியலாம். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் ஒரு பல்பு போயிருக்கும். பியூஸ் மாற்றியவுடன் மீண்டும் போனால் கம்பி எங்கோ இரும்பில் படுகிறது. எலி கடித்த இடத்தையும் தகட்டு விளிம்பையும் முதலில் தேடவேண்டும். குலுங்கும்போது மட்டும் விளக்கு அணைந்தால் முனை தளர்ந்திருக்கிறது. கம்பியோ சுவிட்சோ தொட்டால் சுடுமானால், சுமைக்கு அது போதாது. உடனே அணைத்துக் கனமானது மாற்றவேண்டும்.

இவ்வேலைகளைத் தாமே செய்யத் துணியாதவர்கள் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் விடலாம். அப்போதும் பியூஸ் எங்கே வைக்கப்பட்டது, எத்தனை ஆம்பியர், எர்த் கம்பி தனியே உண்டா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்து, என்ஜின் ஓடிய மணிக்கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொள்வது நன்று. இயந்திரப் பராமரிப்புக் குறித்து வேளாண்மைப் பொறியியல் துறையாரிடமும், சேலத்தை அடுத்த சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமும் ஆலோசனை கேட்கலாம்.

ஒரு டிராக்டர் பெரும்பாலும் கடனில் வாங்கப்படுவது. குடும்பத்தின் பல வருஷத்து உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. அதற்குக் காவலாக நிற்கும் பியூஸின் விலையோ மிக அற்பம். இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்களின் விலை ஒரு மூட்டைக் கிழங்கின் விலைக்கும் எட்டாது. அறுவடைக்கு முந்திய ஓய்வு நாளொன்றில், மாலை இருட்டியபின், டிரெய்லரைப் பூட்டி எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, சாலையில் இருநூறு தப்படி பின்னே நடந்து சென்று திரும்பிப் பார்க்கட்டும். அங்கிருந்து தம் வண்டி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, அவ்வளவுதான் பின்னே வரும் லாரிக்காரருக்கும் தெரியும். குறை கண்டால் அன்றைக்கே நீக்கிவிட்டு, அதன்பிறகு பாரம் ஏற்றுவது வண்டிக்காரருக்கும் வழியில் வருவோர்க்கும் ஒருங்கே க்ஷேமம்.